கொசு பிடிக்கும் பாட்டிலும் கூட்டு வட்டியும்

எங்கள் தெருவில் நாலு வீட்டுத் தோட்டத்திலாவது இப்போது அந்த பாட்டில் இருக்கிறது. வாட்ஸப்பில் வந்த செய்முறைதான், உங்களுக்கும் வந்திருக்கும். இரண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டிலை நடுவில் வெட்டி, மேல் பாதியைத் தலைகீழாகப் புனல் மாதிரி செருக வேண்டும். உள்ளே 200 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், 50 கிராம் நாட்டுச் சர்க்கரை, ஒரு சிட்டிகை ஈஸ்ட். சுற்றிக் கறுப்புக் காகிதம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். "சாரே, நல்ல சாதனம், நீங்களும் ஒண்ணு வையுங்க" என்று பக்கத்து வீட்டுச் சேட்டன் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

நான் வைக்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இது.

அந்த பாட்டிலின் தத்துவம் தப்பில்லை. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடும். நாம் மூச்சு விடுகிற அதே வாயுவைத் தேடித்தான் பெண் கொசு வருகிறது. ஆராய்ச்சியாளர்கள்கூட இந்த வாயுவை வைத்துக் கொசு பிடிக்கிறார்கள். ஆனால் அவர்கள் உலர் பனிக்கட்டியோ சிலிண்டரோ வைத்து, கொசுவை உள்ளே இழுக்க ஒரு குட்டி மின்விசிறியும் மாட்டுவார்கள்.

நம் பாட்டில் எவ்வளவு விடும்? நான் படித்தது பி.காம்., வேதியியல் பத்தாம் வகுப்போடு போச்சு. ஆனாலும் கணக்கு கணக்குதானே. 50 கிராம் சர்க்கரை முழுசாகப் புளித்தாலும் கிடைக்கிற கரியமில வாயு சுமார் 14 லிட்டர். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் ஒரு மணி நேரத்தில் விடுவது 12 முதல் 15 லிட்டர். அதாவது பாட்டில் இரண்டு வாரம் உழைத்து விடுவதை, திண்ணையில் பேப்பர் படிக்கும் நீங்கள் ஒரே மணி நேரத்தில் விட்டுவிடுகிறீர்கள். அதோடு உங்களிடம் உடம்புச் சூடு இருக்கிறது, வியர்வை வாசம் இருக்கிறது. கொசு யாரிடம் போகும்? தோட்டத்தில் இருக்கிற ஆகச் சிறந்த பொறி நீங்கள்தான் :-)

பாட்டிலில் விழுவதெல்லாம் பெரும்பாலும் பழ ஈயும் எறும்பும். தினம் பத்து கொசு விழுந்தால்கூட எனக்குத் திருப்தி இல்லை. ஒரு பெண் கொசு ஒரு தடவைக்கு நூறு, இருநூறு முட்டை வைக்கும், அதுவும் பல தடவை. முட்டை பறக்கும் கொசுவாக மாற இந்த ஊர் வெயிலுக்கு ஏழு முதல் பத்து நாள் போதும். இது கூட்டு வட்டி. அசல் தண்ணீரில் இருக்கிறது. நாம் வாசலில் நின்று வட்டியை வசூல் செய்துகொண்டிருக்கிறோம். புகை அடிப்பதும் அப்படித்தான், அந்த நேரம் பறப்பது மட்டும் சாகும்.

பொறி வைத்தே ஆக வேண்டுமா? முட்டைக்கு வையுங்கள். சிங்கப்பூரில் தேசிய சுற்றுச்சூழல் வாரியம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வைத்திருப்பது இந்த வகைதான். கறுப்பு டப்பா, உள்ளே வைக்கோல் ஊறிய தண்ணீர், முட்டையிட வரும் கொசு ஒட்டிக்கொள்ளப் பசைத் தாள். வீட்டில் இப்படிச் செய்யலாம்:

1. ஒரு கறுப்பு பக்கெட்டில் பாதித் தண்ணீர், ஒரு பிடி காய்ந்த புல். நிழலில் வைக்கவும்.
2. உள்பக்கச் சுவரில் பாதி நனைகிற மாதிரி ஒரு பழைய துணி. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் முட்டை வைக்கும்.
3. வாரம் ஒருநாள், தவறாமல், தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கொட்டிவிட்டு பக்கெட்டைத் தேய்த்துக் கழுவவும். துணியைக் கொதிநீரில் போடவும். ஏடிஸ் முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

மூன்றாவதைச் செய்ய முடியாதவர்கள் முதல் இரண்டையும் செய்யவே வேண்டாம். எட்டு நாள் மறந்தால் அது பொறி இல்லை, பண்ணை.

இதற்கு முன்னால் தோட்டத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கொட்டாங்குச்சி, விழுந்து கிடக்கும் பாக்கு மட்டை, பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டு, இதெல்லாம் காசு கொடுக்காமல் நாம் கொசுவுக்கு விட்டிருக்கும் வீடுகள். கேரளாவில் வெள்ளி பள்ளிகளுக்கு, சனி அலுவலகங்களுக்கு, ஞாயிறு வீடுகளுக்கு என்று "ட்ரை டே" வைத்திருப்பது இவற்றைக் கவிழ்க்கத்தான். 2006, 2007ல் சிக்குன்குனியா இந்த மாநிலத்தையே முடக்கிப் போட்டது. 2017ல் ஏறத்தாழ 20,000 பேருக்கு டெங்கு. விளையாட்டு விஷயம் இல்லை.

சரி, ராத்திரி காதில் பாடுகிற க்யூலெக்ஸ்? அது சாக்கடையிலும் கால்வாயிலும் செப்டிக் டேங்கிலும் பிறப்பது. அதற்கு என் பக்கெட்டும் பெரிதாக உதவாது. செப்டிக் டேங்க் காற்றுக் குழாயின் வாயில் ஒரு துண்டு கொசுவலை கட்டுங்கள். ஆனால் நான் கட்டி நீங்கள் கட்டாவிட்டால் பயன் இல்லை. கொசுவுக்குக் காம்பவுண்டு சுவர் தெரியாது.

ஊர் சேர்ந்தால் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு இங்கிருந்து தெற்கே முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் பதில் இருக்கிறது. யானைக்கால் நோய்க்கு "கொச்சிக் கால்" என்றே ஒரு பெயர் உண்டு, அந்த அளவுக்கு இந்தக் கரையைப் பிடித்த நோய். சேர்த்தலா பக்கம் அதைப் பரப்பியது மான்சோனியா கொசு. அதன் புழு ஆகாயத்தாமரையின் வேரைக் குத்தி அதிலிருந்தே மூச்சு வாங்கும், தண்ணீர் மேல் எண்ணெய் ஊற்றினாலும் சாகாது. மக்களோ தென்னைக்கு உரமாகும் என்று குளத்தில் ஆகாயத்தாமரையை வளர்த்தார்கள். 1980களில் புதுச்சேரியின் வெக்டர் கண்ட்ரோல் ரிசர்ச் சென்டர்காரர்கள் அங்கே வந்து வெறுமனே உபதேசம் செய்யவில்லை. செடியை அகற்றிவிட்டுக் குளத்தில் மீன் வளருங்கள், வருமானம் வரும் என்றார்கள். கொசுவின் கணக்கும் குளத்துக்காரரின் கணக்கும் ஒரே பேரேட்டில் வந்ததால் ஜனங்கள் சேர்ந்தார்கள்.

அதனால் எங்கள் தெரு சங்கத்தில் நான் கேட்கப் போவது இதுதான். பாட்டிலுக்குச் செலவழிக்கும் காசில் எல்லா வீட்டுக் குழாய்க்கும் ஒரே நாளில் வலை கட்டுவோம். ஞாயிறு காலை பத்து நிமிஷம் தோட்டத்தைக் கவிழ்ப்போம். அப்புறமும் ஆசை இருந்தால் பாட்டிலையும் தொங்கவிடுங்கள், பழ ஈயாவது குறையும்.

டிஸ்கி: ட்ரை டே என்றவுடன் வேறு எதையோ நினைத்துக் கவலைப்பட்ட நண்பர்களுக்கு, நான் சொன்னது பூந்தொட்டித் தட்டைப் பற்றி மட்டும்தான்.