குட்டி வார்த்தை பண்ணும் சேட்டை!

நாளைக்கு உங்களுக்கு இன்டர்வியூ. காலையிலே மொபைலில் ஒரு மெசேஜ்: 'இன்டர்வியூ புட் ஆஃப்'. போச்சுடான்னு தலையில் துண்டைப் போட்டுக்காதீங்க. 'புட் ஆஃப்' என்றால் தள்ளிவைப்பதுதான். 'கால் ஆஃப்' என்று வந்திருந்தால்தான் ரத்து!

'புட்' என்றால் வை, 'கால்' என்றால் கூப்பிடு. பின்னாடி 'ஆஃப்' ஒட்டிக்கிட்டதும் அர்த்தமே மாறிடுச்சு, பார்த்தீங்களா? இதுதான் ஃப்ரேஸல் வெர்ப். தமிழில் 'கண்டு', 'பிடி' சேர்ந்து 'கண்டுபிடி' ஆகிறதே, கிட்டத்தட்ட அதே கதைதான். அதற்கு இங்கிலீஷில் 'ஃபைண்ட் அவுட்'.

'டர்ன் அப்' என்றால் வந்து சேர்வது. 'டர்ன் டவுன்' என்றால் வேண்டாம் என மறுப்பது. வேலை ஆஃபர் வரும்போது இரண்டையும் குழப்பினால் வம்புதான்!

அடுத்து ஒரு ரூல். 'ஃபில் இன் த ஃபார்ம்', 'ஃபில் த ஃபார்ம் இன்' இரண்டுமே சரி. ஆனால், ஃபார்முக்குப் பதிலாக 'இட்' வந்தால் அது நடுவில்தான் உட்காரும்: 'ஃபில் இட் இன்'. 'லுக் ஆஃப்டர்' மாதிரி சிலதைப் பிரிக்கவே கூடாது. 'லுக் ஆஃப்டர் ஹிம்' மட்டுமே சரி.

லிஸ்ட் போட்டு மனப்பாடம் பண்ண வேண்டாம். தினம் இரண்டே இரண்டு. ஒவ்வொன்றுக்கும் உங்க சொந்த விஷயத்தை வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்க. அதை நண்பரிடம் வாய்விட்டுச் சொல்லுங்க. இன்றைக்கு 'கிவ் அப்'பில் ஆரம்பிக்கலாம். அதற்கு அர்த்தம், முயற்சியைக் கைவிடுவது. அதை மட்டும் பண்ணிடாதீங்க!