ஆசிரியர் பிரதமரானார், தோட்டப் பள்ளி என்னவாயிற்று?

“ஆசிரியர் ஆட்சிக்கு வந்தால் ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கு விடிவு பிறக்கும்” என மேடைதோறும் முழங்குவோர் உளர். அன்னார் பசறைக்கு வரட்டும்! இம்மலைச் சரிவுகள் அவர்களுக்கு விடை கூறும்.

காலியில் ஆசிரியத் தொழில் புரிந்தவர் விஜயானந்த தகநாயக்கா. பசறையிலிருந்து லுணுகலை வழியே செல்லும் பாதை சென்றடையும் பிபிலைத் தொகுதியே 1944இல் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பிற்று. ஊவா தந்த ஏணி அது! 1956இல் அவர் கல்வி மந்திரியானார். 1959 செப்டம்பரில் பண்டாரநாயக்கா சுட்டுக் கொல்லப்பட்டதும் பிரதமரானார். 1960 மார்ச் வரை அப்பதவி வகித்தார்.

பள்ளிச் சிறாருக்குப் பணிஸ் வழங்கிப் ‘பணிஸ் மாமா’ எனப் பெயரெடுத்தவர் அவர். வித்தியோதய, வித்தியாலங்காரப் பிரிவெனாக்கள் அவர் காலத்திலேயே பல்கலைக்கழகங்களாயின. இவற்றை நாம் மறைக்கவில்லை. ஆனால், தோட்டப் பாடசாலைகளுக்கு அவர் செய்தது யாது?

1945இல் வந்த இலவசக் கல்வி அப்பாடசாலைகளை எட்டிப் பார்க்கவில்லை. ஆசிரியரே கல்வி மந்திரியாக வீற்றிருந்த காலத்திலும் அவை துரைமாரின் தயவிலேயே கிடந்தன. 1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு ஏற்றபோதும் அவை ஒதுக்கப்பட்டன. எழுபதுகளிலேதான் அரசின் கை அவற்றின்மீது பட்டது. அதுவரை ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்பு; அதற்கப்பால் கொழுந்துக் கூடை! தலைமுறைகள் இவ்வாறே கழிந்தன.

அவர் நெஞ்சில் ஈரமில்லையென்று நாம் கூறவில்லை. காரணம் வேறு. 1944இல் தோட்டத் தமிழர் பலர் கையில் வாக்கிருந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டத் திருத்தமும் அதனைப் பறித்தன. வாக்கிழந்தவனின் பிள்ளை எந்த மந்திரியின் கணக்கில் வரும்? சுண்ணக்கட்டி பிடித்த கையாயினும், பதவிக்கு வந்தபின் எண்ணுவது வாக்கையே!

நாடற்றோர் நிலையை நீக்கும் சட்டங்கள் 1988இலும் 2003இலும் வந்தன. இன்று பசறைத் தோட்டத் தொழிலாளியிடம் வாக்குண்டு. எனினும் தோட்டப் பிள்ளைகளுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க ஆசிரியர் போதவில்லை.

ஆகவே, தோழர்களே! “யானும் ஆசிரியன்” என்று வாக்குக் கேட்டு வருவோரின் பட்டத்தைக் கண்டு மயங்காதீர். “எம் பள்ளிக்கு ஆசிரியர் எப்போது வருவார்? நாளைக் குறித்துச் சொல்!” என்று கேளுங்கள். நாள் குறிக்க மறுப்பவர் ஆசிரியராயினும் ஆகுக, அமைச்சராயினும் ஆகுக. அவருக்கு உங்கள் வாக்கு இல்லை!