சிரிப்பு வாயுவும் கார் எஞ்சினும்

பல் வைத்தியர் வலி தெரியாதிருக்கக் கொடுக்கும் 'சிரிப்பு வாயு'வைப் பந்தயக் கார்களிலும் பாவிக்கிறார்கள் என்பதை அறிவீர்களா?

நைதரசு ஒட்சைட்டு எனும் இவ்வாயு தானாக எரிவதில்லை. எஞ்சினின் சூட்டில் பிரிந்து ஒட்சிசனை வெளிவிடுகிறது. காற்றின் நிறையில் 23 வீதமே ஒட்சிசன். இதிலோ 36 வீதம். ஆகவே, அதற்கேற்ப மேலதிக பெற்றோலும் சேர்ந்தே செல்ல வேண்டும். குறைந்தால் வெப்பம் எல்லை மீறி, பிஸ்டனே உருகிவிடும். தீப்பொறி நேரத்தையும் சற்றுப் பிந்தச் செய்தல் அவசியம். அக்சிலேட்டரை முழுதாக மிதித்திருக்கும்போது மட்டுமே வாயுவைத் திறக்கலாம். வாயுச் சிலிண்டரை ஒருபோதும் நெருப்பில் சூடாக்கக் கூடாது, வெடித்துவிடும்.

பந்தயத் திடலுக்குரியதைப் பொதுப்பாதைக்குக் கொண்டுவர வேண்டாமென உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். நம் உயிரும் பிறர் உயிரும் அல்லாஹ் தந்த அமானிதங்கள் அல்லவா?