வாஷிங்டன் சுந்தர் நோஞ்சானா?

எங்க வகுப்புல கிரிக்கெட் பேச்சு வந்தாலே சண்டைதான். போன வாரம் வந்த சண்டை வாஷிங்டன் சுந்தரைப் பற்றி. "நல்லாத்தான் ஆடுவாரு, ஆனா நோஞ்சான். நாலு மேட்ச் ஆடுனா அஞ்சாவதுக்கு ஆஸ்பத்திரி"ன்னு ஒருத்தி சொன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

அவர் முதல் டெஸ்ட் ஆடியது 2021 ஜனவரியில், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில். அப்போ வயசு 21. அஸ்வின், ஜடேஜா, பும்ரா எல்லாரும் அடிபட்டு உட்கார்ந்திருந்ததால்தான் அவருக்கு இடமே கிடைத்தது. (அவங்களை யாராச்சும் நோஞ்சான்னு சொன்னாங்களா?) முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட் எடுத்து, 62 ரன்னும் அடித்தார். மார்ச்சில் அகமதாபாத்தில் 96 ரன்னோட நின்னார். கூட நிற்க ஆள் இல்லாமல் சதம் போச்சு.

அப்புறம்தான் கஷ்டகாலம். 2021 ஜூலையில் இங்கிலாந்தில் ஒரு பயிற்சி ஆட்டம். எதிரணியில் ஆள் குறைஞ்சதால் இவரை அந்தப் பக்கம் ஆட விட்டாங்க. நம்ம பவுலர் போட்ட பந்தே விரலில் பட்டது. 2022 ஜனவரியில் கொரோனா. பிப்ரவரியில் பின்தொடைத் தசை. ஐ.பி.எல்.லில் பந்து போடற கையில் கட்டை விரலுக்குப் பக்கத்தில் கிழிஞ்சது. ஆகஸ்டில் லங்காஷயர் அணிக்காகப் பந்தைப் பாய்ந்து தடுக்கப் போய் தோள்பட்டை. 2023 ஏப்ரலில் மறுபடி பின்தொடை.

வரிசையாப் படிச்சா பயமாத்தான் இருக்கு. ஆனா பிரிச்சுப் பாருங்க. கொரோனா உலகத்துக்கே வந்தது. விரலில் பந்து பட்டது விபத்து. தோள்பட்டையில் அடிபட்டது பாய்ந்ததால். பாயாம நின்னிருந்தா சோம்பேறின்னு சொல்லியிருப்போம்! கை கிழிஞ்சது போக மிச்சம் இருப்பது பின்தொடை ரெண்டு தடவை. அதை நான் ஒத்துக்கறேன். ஒருமுறை பிடிச்சுக்கிட்ட தசை மறுபடி பிடிக்க வாய்ப்பு அதிகம்தான். அதைப் பார்த்துக்க ஃபிசியோ இருக்கார், ஓய்வு இருக்கு, பயிற்சி இருக்கு. இதுக்கு நடுவுல பட்டப்பேர் எதுக்குங்க?

சின்ன வயசிலிருந்தே அவருக்கு ஒரு காது சரியாகக் கேட்காது. அதோடதான் இவ்வளவும் ஆடியிருக்கார். இது எங்க வகுப்புல பாதிப் பேருக்குத் தெரியலை, ஆனா அடிபட்ட கணக்கு மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம்.

மூன்றரை வருஷம் கழிச்சு, 2024 அக்டோபரில் புனேயில் மறுபடி டெஸ்ட் ஆட வந்தார். நியூசிலாந்துக்கு எதிரா ஒரே ஆட்டத்தில் 11 விக்கெட். 2025 ஜூலையில் மான்செஸ்டரில் ஜடேஜாவோட சேர்ந்து நின்னு, 206 பந்து ஆடி 101 ரன் அடித்து, தோற்க வேண்டிய ஆட்டத்தை டிரா ஆக்கினார். அந்தத் தொடரில் வரிசையாக 4 டெஸ்ட் ஆடினார். பிரிஸ்பேனோட அவரை "நோஞ்சான்"னு ஒதுக்கியிருந்தா இதெல்லாம் ஏது?

ஆள் எடுக்கறவங்க யோசிக்கணும்தான். பாதித் தொடரில் ஒருத்தர் போனா நஷ்டம் அணிக்கு. ஆனா அவர் இன்னைக்கு ஓடறாரான்னு பார்த்து முடிவு பண்ணட்டும்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்னு கேட்கறவங்களுக்கு: போன வருஷம் கோ-கோ ஆடும்போது ரெண்டு தடவை என் கணுக்கால் பிசகிடுச்சு. ஒரு தடவை கல் தடுக்கி, இன்னொரு தடவை வீக்கம் வத்தறதுக்குள்ள நானே அவசரப்பட்டு இறங்கினதால. ரெண்டாவது என் தப்புதான். அதிலிருந்து என் பேர் "கண்ணாடி". அணிக்குப் பேர் சொல்லும்போது, "கண்ணாடி வேண்டாம், உடைஞ்சிரும்"ங்கறாங்க. கால் சரியாகி நாலு மாசம் ஆச்சு. தினமும் காலையில தோட்டத்துலிருந்து ஸ்கூலுக்கு ஓடித்தான் வர்றேன்.

குறுவட்டப் போட்டிக்கு இன்னும் பேர் எழுதலை. எழுதறதுக்கு முன்னாடி ஒரு நாள் சாயங்காலம் என்னை விரட்டிப் பாருங்க. பிடிச்சிட்டீங்கன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.