ரெய்கோ யோஷிதா வெறும் நகல் எழுத்தாளரா?

அனிமே திரைக்கதையாசிரியர் ரெய்கோ யோஷிதாவை நண்பர் ஒரே கட்டுரையில் தள்ளுபடி செய்திருக்கிறார். யோஷிதா எழுதிக் குவிப்பவராம்; குவித்ததெல்லாம் பிறருடைய மங்காவும் நாவலுமாம்; அவற்றில் தேறியவற்றின் பெருமையும் இயக்குநர் நவோகோ யமதாவுக்கே போக வேண்டுமாம். ஒரு படத்தையாவது மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தவர் இப்படி எழுதத் துணியமாட்டார்.

'எ சைலன்ட் வாய்ஸ்' மங்கா ஏழு தொகுதிகள். யோஷிதாவின் திரைக்கதையில் 2016இல் வந்த படம் இரண்டு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும். மங்காவில் நண்பர்கள் சேர்ந்து படம் எடுக்கும் கிளைக்கதை பக்கம் பக்கமாக ஓடுகிறது. திரைக்கதையில் அது அடியோடு இல்லை. யாரையும் ஏறிட்டுப் பார்க்க முடியாத நாயகன் இஷிதாவுக்கு எல்லோர் முகத்திலும் பெருக்கல் குறி ஒட்டியிருப்பதாகத் தெரியும். பள்ளி விழாவில் அந்தக் குறிகள் உதிர்கின்றன, அவன் அழுகிறான், படம் முடிகிறது. மங்கா அதற்குப் பிறகும் நீள்கிறது. எதை விடுவது, எங்கே நிறுத்துவது என்று தீர்மானிப்பதற்குப் பெயர் நகலெடுப்பதா?

'கே-ஆன்!' மூல மங்கா நான்கு கட்டச் சித்திரத் துணுக்குகள். யோஷிதா எழுதிய 2011 திரைப்படத்தில் அதன் நாயகிகள் போகும் லண்டன் பயணம் மங்காவிலேயே கிடையாது. நண்பர் இதைத் தேடிப் பார்த்திருக்க வேண்டும்.

எண்ணிக்கையைக் குற்றமாகச் சொல்வதற்குக் காரணம் அறியாமைதான். ஜப்பானியத் தொலைக்காட்சி அனிமேயில் தொடர் அமைப்பு என்று ஒரு பொறுப்பு உண்டு. கதையைப் பன்னிரண்டு பதின்மூன்று எபிசோடுகளுக்குப் பிரிப்பதும், மற்ற எழுத்தாளர்கள் எழுதித் தருவதை ஒரே குரலுக்குக் கொண்டுவருவதும் அந்தப் பொறுப்பில் இருப்பவரின் வேலை. யோஷிதா பல தொடர்களில் அதைச் சுமந்தவர். இவ்வளவு பேர் அவரை நம்பித் திரும்பத் திரும்பக் கூப்பிட்டதை நண்பர் பலவீனமாகக் காட்டுகிறார். இது அநியாயம்.

யமதாதான் எல்லாம் என்றால், 2012இல் சுதோமு மிசுஷிமா இயக்கிய 'கேர்ள்ஸ் உண்ட் பான்சர்' எப்படி நின்றது? அதற்கு மூல மங்காவும் இல்லை, நாவலும் இல்லை. மசாக்கி யுவாசாவின் 'ரைட் யுவர் வேவ்' படத்துக்கும் கதை புதிது. இருபது தொகுதிச் சிறுவர் நாவல் வரிசையை ஒன்றரை மணி நேரத்தில் அடக்கிய 'ஓக்கோஸ் இன்' கிதாரோ கோசாகாவின் படம். மூன்றும் யோஷிதா எழுதியவை. ஒன்றிலும் யமதா இல்லை.

யமதாவோடு சேர்ந்த 'லிஸ் அண்ட் த ப்ளூ பேர்ட்' படத்தையே எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் மாணவி மிசோரே பள்ளிப் படியில் உட்கார்ந்து காத்திருக்கிறாள். ஒரு காலடிச் சத்தம், தலை நிமிர்கிறது, வந்தவள் வேறு யாரோ. பிறகு தோழி நொசோமி வருகிறாள். இருவரும் இசையறைக்கு நடக்கிறார்கள், கிட்டத்தட்ட வசனமே இல்லாமல். முன்னால் போகிறவள் யார், பின்தொடர்கிறவள் யார் என்பதிலேயே அந்த நட்பின் ஏற்றத்தாழ்வு விளங்கிவிடுகிறது. பாத்திரங்களைப் பேசவிட்டு உறவை விளக்குவது எளிது. அந்த எளிய வழியை ஒதுக்கிய திரைக்கதையில், வசனம் குறைவு என்பதால் எழுத்தாளருக்கு வேலையே இல்லை என்று நண்பர் தீர்ப்பு எழுதுகிறார். திரைக்கதை என்றால் வசனம் மட்டுமே என்று நினைப்பவர் திரைக்கதையாசிரியரை எடைபோட வந்திருக்கக்கூடாது.