குலமரமும் கூலிப்பாதையும்

முன்னோர் யாவர் என்று எழுதிவைப்பது குற்றமற்ற பொழுதுபோக்கு என்று கருதுவோர் பலர். தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டிப் பாட்டன், பூட்டன் பெயர்களைத் தேடுவதால் எவர்க்கும் கேடில்லை என்பது அவர்தம் வாதம். இவ்வாதம் ஏற்கத்தக்கதன்று. எவருடைய குலமரம் எழுதப்பட்டது, எவருடையது எழுதப்படவில்லை என்பது தற்செயலாய் அமைந்ததன்று. அது உடைமையின் வரலாறாகும். மன்னார்க் கரை இதற்குச் சான்று பகர்கின்றது.

கரிபியன் கடலிலுள்ள மார்த்தினிக் தீவில் 1635 ஆம் ஆண்டு தொடக்கம் குடியேறிய பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகளின் வழித்தோன்றல்கள் ‘பெக்கே’ எனப்படுவர். பதினேழாம் நூற்றாண்டு வரை பின்னோக்கிச் செல்லும் குடிவழிகளை அவர்கள் பேணிவருகின்றனர். அவர்தம் கரும்புத் தோட்டங்களில் உழன்ற ஆபிரிக்க அடிமைகளிற் பெரும்பாலோர்க்கோ 1848 இல் அடிமைமுறை ஒழியும் வரை குடும்பப் பெயரே இருந்ததில்லை. அது ஒழிந்தபின், 1853 தொடக்கம் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து தமிழர் அத்தீவுக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். அயலிலுள்ள குவாதலூப்பில் வாழ்ந்த அத்தகையோரின் மக்களும் பிரெஞ்சுக் குடிமக்களே என்பதை நிலைநாட்ட, ஹென்றி சிதம்பரம் என்பார் 1904 முதல் 1923 வரை போராட வேண்டியிருந்தது.

இலங்கையின் நிலையும் இதனின் வேறன்று. பேர்கியூசன் வெளியிட்ட தகவற்கோவை தோட்டங்களையும் துரைமாரையும் பெயர்சுட்டி நிரற்படுத்தியது. ஜே. பென்றி லூயிஸ் என்ற சிவில் அதிகாரி, இத்தீவில் அடக்கஞ் செய்யப்பட்ட ஐரோப்பியரின் கல்லறை வாசகங்களைத் திரட்டி 1913 இல் நூலாக்கினார். ஒல்லாந்தப் பறங்கியர் சங்கத்தின் சஞ்சிகை தம்மவர் குடிவழிகளைத் தலைமுறை தலைமுறையாக அச்சிட்டது. தம் மூதாதை எக்கோப்பித் தோட்டத்தை ஆண்டார் என்று அறிய விரும்பும் ஆங்கிலேயர் இன்றும் அதிகம் இடர்ப்படார்.

அத்தோட்டங்களைக் காடழித்து உருவாக்கியவர்களோ தோணியேறி வந்து மன்னார்க் கரையில் இறங்கியோர். மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை நூறு மைலுக்கு மேற்பட்ட தொலைவை அவர்கள் நடந்தே கடந்தனர். நீரின்மையும் வாந்திபேதியும் காய்ச்சலும் அவ்வழியில் அவர்களை வாரிச் சென்றன. மாண்டோர் எத்தனை பேர்? 1841 தொடக்கம் ஏறத்தாழ 70,000 பேர் என 1849 இல் ‘கொழும்பு ஒப்சேவர்’ பத்திரிகை கணக்கிட்டது. இது மிகையென்று மறுப்பாரும் உளர். எழுபதினாயிரமா, அதிற் பாதியா என்று அறிஞர் வாதிட நேர்ந்ததே பெருங்குற்றச்சாட்டன்றோ? துரையின் கல்லறை வாசகம் எழுத்துப் பிசகாது அச்சேறியிருக்க, பல்லாயிரம் மனிதர் இறந்தனரா இல்லையா என்பதே ஐயத்துக்குரியதாகிவிட்டது.

‘ஆவணமில்லையேல் வரலாறில்லை’ என்பர் சிலர். ஆட்சியாளர்க்கும் தோட்டத்தார்க்கும் பதியும் ஆற்றல் இல்லாமலில்லை. தொழிலாளி பட்ட கடன் கங்காணியின் கணக்கில் ஏறியது. கடன் குறித்த ‘துண்டு’ இன்றித் தோட்டம் மாற அவனால் இயலவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத் தகடு பயணத்தில் அவனுக்கு அடையாளமாயிற்று. கடனாளியாக அவனைப் பதிந்தோர், ஒரு தந்தைக்கு மகனாக அவனைப் பதிவதில் அக்கறை கொண்டிலர். ஆகவே ஆவணமின்மை இயற்கையின் விளைவன்று, சுரண்டலின் விளைவு.

இதன் கொடிய பயன் 1948 இல் வெளிப்பட்டது. அவ்வாண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், வழிமரபாற் பிரசையாவதற்கு, இலங்கையிற் பிறந்தவனும் தன் தந்தை இங்குப் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தோர் என்றோ காட்டல் வேண்டும் என விதித்தது. எவர்க்குக் குலமரம் எழுதப்படவில்லையோ, அவரிடமே குலமரம் கேட்கப்பட்டது! அடுத்த ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 825,000 பேருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே. 1964 ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எஞ்சியோரை எண்ணிக்கையாற் பங்கிட்டது: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மீதி 150,000 பேரின் விதியோ பின்போடப்பட்டது. 1974 இல் அவர்களும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். நடந்து வந்தோரின் பேரப்பிள்ளைகள் தலைமன்னார் இறங்குதுறையிற் கப்பலேறி, தாம் கண்டறியாத ‘தாயகம்’ நோக்கிச் சென்றனர். நாடற்றோராய் எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 வரை பிந்தியது.

பழி முழுவதையும் துரைமார் மீதும் சிங்களத் தலைவர் மீதும் சுமத்திவிட்டுத் தமிழ்க் கல்வியுலகு தப்பிக்கொள்ளல் இயலாது. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொணர்ந்த அமைச்சரவையில் மன்னார்த் தொகுதியின் உறுப்பினர் சி. சிற்றம்பலமும் இருந்தார் என்பதை மறைத்தல் நேர்மையன்று. வையாபாடலிலும் யாழ்ப்பாண வைபவமாலையிலும் அரசர், வன்னியர் குலங்களை ஆராய்வோர் பலர். அதே வன்னிக் காட்டில் வீழ்ந்து கிடந்த கூலியாளின் ஊரென்ன, பேரென்ன என்று வினவியோர் எத்தனை பேர்? குலப்பெருமை பேசுவதில் வெள்ளைத் துரையும் யாழ்ப்பாணத்து உடையாரும் ஒரே பள்ளியின் மாணாக்கரே.

2023 ஆம் ஆண்டு ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் மலையக மக்களும் அவர்தம் தோழர்களும் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து, தம் முன்னோரின் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்தனர். அறிஞர் எழுதத் தவறிய ஏட்டை அவர்தம் கால்கள் எழுதின. எனினும் நினைவுநடை மாத்திரம் போதாது. தோட்டங்களிற் செல்லரித்துக் கிடக்கும் செக்றோல் ஏடுகள், பிறப்பு இறப்புப் பதிவுகள், மண்டபம் முகாமின் ஆவணங்கள், லயங்களிலும் 1977 வன்செயலின் பின் வன்னியிற் குடியேறிய ஊர்களிலும் வாழும் முதியோரின் நினைவுகள் ஆகியவற்றைத் திரட்டுதல் பல்கலைக்கழகங்களின் தலையாய கடனாகும். முதியோர் மறைந்துகொண்டிருக்கின்றனர், காலம் காத்திராது.

துரையின் குலமரத்தை எரித்துவிட வேண்டுவதில்லை. அதன் வேருக்கு நீர் வார்த்தோரின் பெயர்களும் அதே ஏட்டில் எழுதப்படல் வேண்டும். எழுதப்படும் வரை அது வரலாறன்று. உடையவன் தனக்குத் தானே எழுதிக்கொண்ட நற்சான்றிதழே.