கருவிக்கு ஒரு பாயிரம்

அலுவலகத்தில் ஒருவர், “அந்தக் கோப்பை எடுத்து வையுங்கள்” என்கிறார். எந்தக் கோப்பு, எங்கே வைப்பது என்பவற்றைக் கேட்பவர் சூழலைக் கொண்டு உணர்ந்துகொள்கிறார். ஐயமிருப்பின் திரும்பக் கேட்கிறார். மனிதரிடையே குறைந்த சொற்களில் வேலை நடப்பது இதனால்தான். செயற்கை நுண்ணறிவு முகவரிடம் அந்தச் சலுகையை எதிர்பார்க்க இயலாது.

மொழி மாதிரி ஒன்றோடு சில கருவிகளை இணைத்து, அதுவே செயலாற்றுமாறு அமைத்தால் அது முகவர் எனப்படும். இங்குக் கருவி என்பது ஒரு சிறு நிரல்: பயணச்சீட்டைத் தேடும், மின்னஞ்சலை அனுப்பும், நாட்காட்டியில் குறிக்கும். பெரும்பாலும் முகவர் அந்நிரலின் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. கருவியின் பெயர், சில வரி விளக்கம், தரவேண்டிய உள்ளீடுகள் ஆகியவையே அதற்குத் தெரியும். முகவர்களையும் கருவிகளையும் இணைப்பதற்கென 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்னும் பொதுநெறியிலும் இவ்விளக்கம் மனிதர் பேசும் இயல்பான மொழியிலேயே அமைகிறது. ஆகவே, இதனை நிரலாளர் இறுதியில் அவசரமாக நிரப்பும் கட்டமாகக் கருதுதல் தவறு. இது உரைநடைப் பணி. மொழியறிந்தோர் செய்யவேண்டிய பணி.

மருத்துவமனை ஒன்றின் முன்பதிவு முகவரைக் கற்பனை செய்வோம். அதனிடம் ‘சந்திப்பு நீக்கம்’, ‘சந்திப்பு மாற்றம்’ என இரு கருவிகள் உள்ளன. இரண்டுக்கும் எழுதப்பட்ட விளக்கம், ‘சந்திப்பைக் கையாளும்’ என்பதே. நோயாளி ஒருவர், “வியாழக்கிழமை வர இயலாது, வெள்ளிக்கிழமை வரலாமா?” என்று கேட்கிறார். முகவர் முதலில் வியாழக்கிழமைச் சந்திப்பை நீக்குகிறது. பிறகு வெள்ளிக்கிழமையைத் தேடுகிறது. அன்று இடமில்லை. கையிலிருந்த இடமும் போயிற்று. இங்கே பிழைத்தது நிரலன்று, விளக்கம். ‘நோயாளி இனி வரப்போவதில்லை என்று தெளிவாகச் சொன்னால் மட்டும் பயன்படுத்துக. நாளை மாற்றக் கேட்டால் சந்திப்பு மாற்றத்தைப் பயன்படுத்துக. நீக்கியதை மீட்க இயலாது’ என எழுதியிருந்தால் அவருடைய இடம் பெரும்பாலும் தப்பியிருக்கும். எப்போது பயன்படுத்தக் கூடாது என்பதைச் சொல்லும் வரியே பல விளக்கங்களில் விடுபடுகிறது.

உள்ளீடுகளிலும் இதே கவனம் வேண்டும். 05/06/2025 என்பது நமக்கு ஜூன் 5. அமெரிக்கருக்கு மே 6. அலகைத் தெளிவாக ஒத்துக்கொள்ளாததன் விலையை விண்வெளித் துறை முன்பே கொடுத்துள்ளது. 1999இல் நாசாவின் ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ செவ்வாயை அடைந்த வேளையில் அழிந்தது. ஒரு மென்பொருள் பவுண்டு அலகில் தந்த எண்களை மற்றொன்று நியூட்டன் அலகில் உள்ளவையாகக் கொண்டதே காரணம்.

‘இயந்திரம் அறிவுள்ளதாயிற்றே, புரிந்துகொள்ளாதா?’ என்பார் உளர். அந்த அறிவே இங்கு இடர் தருகிறது. பழைய நிரல் குறையான கட்டளையைக் கண்டால் பிழை காட்டி நின்றுவிடும். முகவரோ விடுபட்டதைத் தன் ஊகத்தால் நிரப்பிக்கொண்டு தயக்கமின்றி மேலே செல்லக்கூடும்.

அதற்காகப் பக்கம் பக்கமாக எழுதுவதும் ஆகாது. கருவிகளின் விளக்கங்கள் பெரும்பாலும் ஒவ்வோர் உரையாடலிலும் மாதிரியின்முன் வைக்கப்படுகின்றன. அது ஒரே வேளையில் கொள்ளக்கூடிய உரையின் அளவில் அவை இடம்பிடிக்கின்றன. பவணந்தி முனிவர் நன்னூலில் பட்டியலிட்ட பத்துக் குற்றங்களுள் குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மயங்க வைத்தல் ஆகிய மூன்றும் இங்கு அப்படியே பொருந்துகின்றன. அவர் சிறப்புப் பாயிரத்துக்குச் சொன்னவற்றுள் பெயர், நுதலிய பொருள், பயன் ஆகியவற்றைக் கருவி விளக்கத்திலும் தேடலாம். ‘எல்லை’ என்பது அங்கு நூல் வழங்கும் நிலப்பரப்பைக் குறிக்கும்; கருவி எங்கே நிற்கவேண்டும் என்பதற்கு அச்சொல்லை நான் உரிமையோடு கடன் வாங்கிக்கொள்கிறேன்.

எவ்வளவு செம்மையான விளக்கமும் பூட்டாகிவிடாது. பணம் அனுப்புதல், பதிவை அழித்தல் போன்ற மீட்க இயலாத செயல்களுக்கு, மனிதரின் ஒப்புதலின்றி நகராத தடையை நிரலிலேயே வைக்கவேண்டும். மற்றவற்றுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. விளக்கத்தை மட்டும் அக்கருவியை அறியாத ஒருவரிடம் கொடுத்து, நோயாளியின் அந்தக் கேள்விக்கு எதைத் தேர்வீர் என்று கேளுங்கள். அவர் தயங்கினால் விளக்கத்தைத் திருத்துங்கள்.